மூன்றாவது மாடி அஞ்சுகம்

ஆகஸ்ட் 2, வெள்ளி

புது வருஷத்துக்குத் தாரிணி தன் தோழிகள் எல்லாருக்கும் கொடுத்த டைரி இது. எனக்கும் ஒன்று வந்தது. தோழி என்று கொடுத்தாளா, மீந்துபோனதைக் கொடுத்தாளா என்று ஏழு மாதமாக யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு வரிகூட எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். நாளைக்குத் தாரிணி வீட்டு விருந்துக்கு ரோஸ்லின் வருகிறாளாம்.

தாரிணியின் வீடு போட் கிளப் பக்கம். மாதம் ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பெண்கள் அங்கே கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு கூடுவார்கள். கூட்டத்துக்கு 'ஆறு கஜம்' என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் அந்த வீட்டுக்குப் போனது தாரிணிக்குப் புடவை கட்டிவிட. பீரோவைத் திறந்ததும் எது எந்த ஊர்த் தறி, எது ஏமாந்து வாங்கியது என்று வரிசையாகச் சொன்னேன். அடுத்த மாதம் என்னை விருந்துக்கு உட்காரவைத்து, "என் ஃப்ரெண்ட் அஞ்சு. டெக்ஸ்டைல்ஸ்ல இருக்காங்க" என்றாள். பதினோரு வருஷம் தி. நகர் பட்டுக்கடையில் நின்றவள் டெக்ஸ்டைல்ஸில் இருந்தவள்தானே. பொய்யில்லை.

அன்றிலிருந்து அஞ்சுகம் அஞ்சு ஆனாள். புளியந்தோப்பு, கீழ்ப்பாக்கம் பக்கம் ஆனது. லிஃப்ட் மெக்கானிக்கான என் வீட்டுக்காரர் எலிவேட்டர்ஸ் பிசினஸில் இருக்கிறார். குழந்தை வேண்டாமென்று நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

தனியாகப் புடவை கட்டிவிடும்போது நான் 'மேடம்' என்பேன், அவள் 'நீ' என்பாள். விருந்தில் நான் 'தாரிணி' என்பேன், அவள் 'நீங்க' என்பாள். இதுவரை ஒருநாளும் மாறிப்போனதில்லை.

ரோஸ்லின் அதே கடையில் என் பக்கத்துக் கவுண்டரில் நின்றவள். இப்போது ஃபோனில் நேரலையாகப் புடவை விற்கிறாள். 'ரோஸி சேலைகள்.' இரண்டு லட்சம் பேர் பார்க்கிறார்களாம். அவள் வாயைத் திறந்தால் என் கதை முடிந்தது.

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

வாயைத் திறக்கவில்லை.

உள்ளே நுழைந்தவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு மற்றவர்களுக்குச் சொன்ன மாதிரியே எனக்கும் "வணக்கம் மேடம்" என்றாள். உயிர் வந்தது. ஆனால் அந்த உயிர் சாப்பாடு வரும்வரைகூட நிற்கவில்லை.

யாரோ அவளிடம், நீங்க ஃபேஷன் படிச்சீங்களா என்று கேட்டார்கள். "இல்லீங்க. தி. நகர்ல ஒரு பட்டுக்கடையில சேல்ஸ் கேர்ளா இருந்தேன். ராயபுரத்துல எங்கம்மா மீன் வித்தாங்க. எங்க வீட்ல விக்கிறதுதான் படிப்பே" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். இப்போது எல்லாரும் முகம் சுளிப்பார்கள், தாரிணி பேச்சை மாற்றுவாள் என்று காத்திருந்தேன்.

ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலிகளை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். வைதேகி, பெரிய வக்கீலின் மனைவி, யாரையும் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்காதவள், "எவ்வளவு இன்ஸ்பைரிங்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தாரிணி அவளைத் தன் வலப்பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அது நான் உட்காரும் இடம்.

இரண்டு வருஷமாக அந்தப் பட்டுக்கடை மாடிப்படியை ஒளித்துவைக்க என்ன பாடு பட்டேன். பஸ்ஸில் வந்து, தெருமுனையில் இறங்கி, ஆட்டோ பிடித்து வாசலில் இறங்குகிறேன். கண்ணாடி முன் நின்று இங்கிலீஷ் பேசிப் பழகினேன். இவள் வந்தாள், அதே மாடிப்படியை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள், எல்லாரும் கை தட்டினார்கள். இனி நான் அதைச் சொன்னால்கூட இரண்டாவது ஆள்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பாதிக்கு மேல் பழுப்பு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவளுடைய நேரலையைப் பார்த்தேன். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் பார்த்தேன். முந்தானையை விரிக்கும்போது இடக்கை கொஞ்சம் தாழ்கிறது, அன்றைக்கும் அப்படித்தான். தடித்துவிட்டாள். வளையல் தங்கம்தான்.

"அக்கா, இந்த கலர் உங்களுக்கு எடுக்காதுன்னு யாருனா சொன்னா, அவங்கள என்கிட்ட அனுப்புங்க" என்கிறாள். பார்ப்பவர்கள் சிரித்துச் சிரித்து எழுதுகிறார்கள்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "நம்ம ரோஸ்லின் இல்ல இது? எவ்ளோ நாளாச்சு. ஒரு நாள் கூப்பிடேன் வீட்டுக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வந்தால்கூட அந்த மாதிரி முகம் மலர்ந்து பார்த்ததில்லை.

நம்பர் இல்லை என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தாரிணிக்கு ஒரு நிச்சயதார்த்தம், புடவை கட்டிவிடப் போனேன். கொசுவம் வைக்கும்போது கேட்டாள்.

"நீயும் ரோஸியும் ஒரே கடையா?"

"ஏழு மாடி மேடம். ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது."

"அவகிட்ட ஒரு உண்மை இருக்கு. எதையும் மறைக்கிறதில்ல. அதான் எனக்குப் பிடிச்சிருக்கு. அக்டோபர் கண்காட்சியில அவளுக்கு நடு ஸ்டால் கொடுக்கப்போறேன்."

தோளில் பின் குத்தும்போது அவளுக்கு லேசாகப் பட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 14, சனி

பிள்ளையார் சதுர்த்தியால் ஒரு வாரம் தள்ளிப்போன விருந்து. எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை மூன்று தடவை மூடினேன்.

சாப்பாட்டின் நடுவில் ஒருத்தி, கடை வேலையில் ரொம்பக் கஷ்டம் எது என்று ரோஸியிடம் கேட்டாள். நிற்பதுதான் என்றாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி கடை அடைக்கும்வரை உட்காரக் கூடாது. பிறகு, என் பக்கம் பார்க்காமலே, ஆரம்பித்தாள்.

"என் பக்கத்து கவுண்டர்ல ஒரு பொண்ணு. நாலு மாசம். வெளியில சொல்லல, தெரிஞ்சா வேலைக்கு வராதேன்னுடுவாங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, ஒரு கல்யாண பார்ட்டி வந்துச்சு. நூத்திச்சொச்சம் புடவை பிரிச்சுக் காட்டினா. அவங்க எதுவும் வாங்காம எழுந்து போனாங்க. எல்லாத்தையும் திரும்ப மடிக்கணுமே. மடிச்சுக்கினே இருந்தவ என் கையைப் பிடிச்சா. கீழ கார்ப்பெட் அரக்கு கலரு. அதுல எதுவும் தெரியல. அவ பாதத்தைப் பார்த்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

யாரும் சாப்பிடவில்லை. வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் சரி, வயித்துல குழந்தை இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் நிக்கணும்? அம்மாவுக்கே அந்த அக்கறை வேண்டாமா?" என்றாள்.

தாரிணி வழக்கம்போல என்னைப் பார்த்தாள். "அஞ்சு, நீங்க இந்த ஃபீல்டுல இருக்கீங்க. சொல்லுங்க."

பன்னிரண்டு முகம் என்னைப் பார்த்தது. நான் சொன்னேன்: "சில பேருக்கு விவரம் பத்தாது."

ரோஸி ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு எல்லா விவரமும் இருந்துச்சு மேடம். உட்கார ஒரு ஸ்டூல்தான் இல்ல."

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அவளைத் தூக்கிக்கொண்டு சரக்கு லிஃப்டில் இறங்கி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். சீசன் நேரத்தில் ஃப்ளோரை விட்டுப் போனதற்காக மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். எட்டு மாதம் வேறு வேலை கிடைக்கவில்லையாம்.

அவள் வேலை போனது எனக்குத் தெரியாது. நான் ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது அவள் இல்லை. வேற கடைக்குப் போயிட்டா, சம்பளம் ஜாஸ்தி என்று யாரோ சொன்னார்கள். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று ஒன்பது வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு இப்போ எங்கே இருக்கா?" என்று தாரிணி கேட்டாள்.

ரோஸி தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்லா இருக்கா. ஒரு தடவை பார்த்தேன். நல்லா உடுத்தியிருந்தா."

எல்லாரும் எழுந்து நின்று ரோஸியைக் கட்டிக்கொண்டார்கள். வரிசையாக. நானும் நின்றேன், நிற்காவிட்டால் தெரிந்துவிடும். அந்தக் கண்ணீர் எல்லாம் யாருக்கு வர வேண்டியது? என் வயிற்றில் நடந்தது. என் பாதத்தில் வழிந்தது. கட்டிக்கொண்டது அவளை.

செப்டம்பர் 15, ஞாயிறு

இட்லி மாவு புளித்துவிட்டது. அவருக்கு லீவு. காலையிலிருந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

செப்டம்பர் 18, புதன்

தாரிணி ரோஸியிடம் வாங்கிய மூன்று ஆரணிப் பட்டுகளைக் காட்டி, எப்படி என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்து, "எனக்கு ஒரு சந்தேகம் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

"கைத்தறி இல்லியா, பவர்லூமா?"

"நான் அப்படிச் சொல்லலியே. இந்தக் காலத்துல யாரை நம்புறதுன்னு தெரியல."

சந்தேகப்படுவது பொய் சொல்வதாகாது.

செப்டம்பர் 25, புதன்

கண்காட்சிப் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நடு ஸ்டாலில் வேறு பெயர். வைதேகியும் இன்னும் மூன்று பேரும் கொடுத்திருந்த ஆர்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். தாரிணி எனக்குத் தனியாக, "தேங்க் காட் நீ சொன்னே" என்று எழுதியிருந்தாள்.

அதை நாலு தடவை படித்தேன். இனிக்கும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

அவள் நேரலை போடவில்லை. உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். ஆயிரம் காரணம் இருக்கும்.

அக்டோபர் 5, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்காட்சி ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மண்டபத்தில். நான் வாசல் மேஜையில் தாரிணியின் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பதினோரு மணிக்கு ரோஸி வந்தாள். அழைப்பில்லை. கையில் ஒரே ஒரு துணிப்பை. நேராக எங்களிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"தாரிணி மேடம், என் புடவை மேல சந்தேகம்னு கேள்விப்பட்டேன். சொன்னது அஞ்சு மேடம்னும் கேள்விப்பட்டேன். தப்பில்ல, அவங்களுக்குத் தெரியும். அவங்களே என் முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லிடட்டும். பவர்லூம்னு சொன்னா நான் இந்த ஊர்ல புடவை விக்கிறதையே விட்டுடறேன்."

பையிலிருந்து ஒரு மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

பிரித்தேன். என் கைக்குத் தெரியாததா. கைத்தறியில் துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்க இரண்டு ஓரத்திலும் முள் வைத்த குச்சி மாட்டுவார்கள். அந்த முள் பட்ட சின்னச் சின்னத் துளைகள் ஓரம் முழுக்க இருக்கும். இருந்தன. பின்பக்கம் பார்த்தேன். ஒரு இடத்தில் இழை அறுந்து கையால் முடிந்த முடிச்சுகூட இருந்தது. யாரோ ஒருவர் பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்த புடவை.

ஒரு வார்த்தை போதும். 'பவர்லூம்' என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்துப் பேசியிருக்கமாட்டார்கள். ரோஸியை நிமிர்ந்து பார்த்தேன். இவளுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும், ஒரே வார்த்தையில் என்னை இந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிடலாம். அவள் அதைச் செய்யப்போவதில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்றாலும் செய்யமாட்டாள். புடவையை, பணத்தை, கைதட்டலை விட்டுவிடலாம், இதில்கூட அவள் எனக்கு மேலே இருக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை.

"கைத்தறிதான்" என்றேன். "உங்ககிட்ட இருக்கிற மூணும் கைத்தறிதான் தாரிணி. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் சந்தேகம்னு சொன்னேன்."

"ஏன்?" என்று வைதேகி கேட்டாள்.

சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"ரோஸி சொன்ன பொண்ணு நான்தாங்க. அதே கடை, மூணாவது மாடி. பதினோரு வருஷம். என் பேரு அஞ்சுகம்."

எப்படி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, அதனால் இப்படி இருக்கும் என்றும் எதிர்பார்க்கவில்லை. யாரும் கத்தவில்லை. யாரும் கட்டிக்கொள்ளவும் இல்லை. வைதேகி என்னை நோக்கி இரண்டு அடி வந்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். நான் மண்டபத்தை விட்டு வெளியே போகும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

தாரிணி என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"இதை என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமே. எல்லார் முன்னாடியும் எதுக்கு? நான் உன்னை எப்படி வெச்சிருந்தேன்."

"ஆமாம் மேடம். வெச்சிருந்தீங்க" என்றேன்.

விருந்தினர் இருக்கும் இடத்தில் முதல் தடவையாக அவள் 'நீ' என்றாள், நான் 'மேடம்' என்றேன்.

வெளியே ரோஸி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் ஹாண்டிலைப் பிடித்தேன்.

"ரோஸி, மன்னிச்சுடு."

"ஆரணியில அந்தத் தறிக்காரரு தீபாவளி சரக்கை முழுசா எனக்குன்னு நெய்ஞ்சு வெச்சுக்கினு உட்கார்ந்திருக்காரு. அவருக்கு நான் இன்னா சொல்றது?"

"என்னால பொறுக்க முடியல. கடையில நின்னதை நீ சொல்லிட்டே, நான் சொல்லல."

"உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னேனா?"

"இல்ல."

"விவரம் பத்தாதுன்னு நீதான் சொன்ன. உன்னையே." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "இன்னிக்கு முடியாது அஞ்சுகம். மன்னிக்கிறதெல்லாம் இன்னிக்கு முடியாது. வேற ஒரு நாள் கேளு."

போய்விட்டாள். நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

'ஆறு கஜம்' குழுவிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறேன் என்று ஃபோன் சொல்கிறது.

அக்டோபர் 9, புதன்

வைதேகியிடமிருந்து ரோஸிக்கு மறுபடி ஆர்டர் போயிருக்கிறதாம். ரோஸி தன் நேரலையில் பெயர் சொல்லாமல், திரும்பி வந்த ஒரு வக்கீல் வீட்டு அக்காவுக்கு நன்றி சொன்னாள். மற்ற மூன்று பேரும் வரவில்லை போலிருக்கிறது. அவள் கட்டியிருந்தது அந்த மாம்பழ நிறம். அவளுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. சனியன், எது கட்டினாலும் எடுப்பாக இருக்கிறது.

பெரம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிட ஒத்துக்கொண்டேன். பெயர் கேட்டார்கள். அஞ்சுகம் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலிவேட்டர்ஸ் பிசினஸ் என்று சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். குழந்தை வேண்டாமென்று நாமே முடிவு செய்ததாகச் சொன்னேன் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. விவரம் பத்தாது என்று சொன்னதையும் மறைக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரி படிக்கட்டுல ரோஸ்லின்தான் என் கூட உட்கார்ந்திருந்துச்சு. நான் அழுதேன். பேரெல்லாம் வெச்சிருந்தேன்னு சொன்னேன்."

"பேரா?"

"மனசுக்குள்ள வெச்சிருந்தேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"உங்கிட்ட எப்படி சொல்வேன் அஞ்சுகம்? நீ அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்ட. அதான் அதோட விட்டுட்டேன்."

என்ன பெயர் என்று கேட்டேன். சொல்ல வாயெடுத்தார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் ஃபோனை எடுத்தேன். நம்பர் என்னிடம் எப்போதும் இருந்தது. இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாம் தடவை எடுத்தாள்.

"சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

"ரோஸி, அன்னிக்கு அவர் உங்கிட்ட ஒரு பேரு சொன்னாராமே. ஞாபகம் இருக்கா?"

யோசிக்கவே இல்லை.

"முகில்" என்றாள். "பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் அதேதான்னு சொன்னாரு. வருஷா வருஷம் தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, சர்ச் பூசையில அந்தப் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். அந்தப் பேரு உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒன்பது வருஷமாக என் குழந்தையின் பெயர் அவளிடம் இருந்திருக்கிறது. வயிறு எரிந்தது. ஃபோனை வைக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.